ராயபுரத்தில் மைனஸ் பதினெட்டு

நான் கிளம்பிய காலையில் எங்கள் ஊரில் மைனஸ் பதினான்கு. ராயபுரத்தில் இறங்கிய காலையில் இருபத்துமூன்று. ஆட்டோக்காரர் குரங்குக் குல்லா போட்டு, அதற்கு மேல் மஃப்ளரையும் சுற்றியிருந்தார். "பனி பேஜாராகீது சார், தலைல எதுனா கட்டிக்கோங்க" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். நான் அரைக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழு வருடமாக வடக்கு நோர்வேயில், ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில் இருக்கிறேன். சொந்த ஊர் மயிலாடுதுறை. சென்னை என்றால் எனக்கு எழும்பூரும் தி.நகரும்தான், சென்ட்ரலுக்கு வடக்கே கால் வைத்ததே இல்லை. நான் வேலை பார்க்கும் நிறுவனம் மீனை உறையவைக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. ராயபுரத்தில் ஓர் இறால் ஏற்றுமதிக் கூடத்துக்குப் புதிய குளிரூட்டி ஒன்றை விற்றிருந்தார்கள். அதைப் பொருத்தி, காலி அறையில் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வார வேலை. தமிழ் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

தமிழ் தெரியும் என்ற எண்ணம் முதல் நாள் நாஸ்தாவோடு போயிற்று. இட்லியும் வடகறியும் கேட்டேன். கடைக்காரர், "துன்ட்டு போறியா, கட்டிகினு போறியா நைனா?" என்றார். ஒரு நொடி விழித்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற மூன்று பேர் எனக்காகப் பதில் சொல்லி, உட்கார இடமும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்தில் ஆறு பேர் நின்றால் ஆளுக்கு இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்பார்கள். பத்து வருடம் ஒரே பேருந்தில் போனாலும் பெயர் தெரியாது. இங்கே இரண்டாவது இட்லி முடிவதற்குள் என் சம்பளம் தவிர மற்றதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வடகறி பிரமாதம்.

மறுநாள் கூடத்துக்குப் போனேன். குளிர் அறையில் பெட்டி அடுக்கும் குழுவுக்குத் தலைவி ஸ்டெல்லா. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் பெரியது. வேலை விஷயமாக என் எண்ணைக் கைபேசியில் பதிந்துகொண்டார். அதில் என் படம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பனிக்குள் என் மோட்டார் சைக்கிளோடு நான் நிற்கும் படம் அது.

"சார், இது நீங்களா?"

"ஆமாம்."

"பின்னாடி கீறது உப்பா, ஐஸா?"

"பனி. தானாக விழுந்தது."

"இதுல வண்டி ஓட்றீங்க?"

வீட்டிலிருந்து ஆலைக்கு ஆறு கிலோமீட்டர், குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறேன், ஆணி பதித்த டயர் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப உங்கள உட மாட்டேன்" என்றார்.

விஷயம் இதுதான். ஸ்டெல்லாவும் அவருடைய தோழி மும்தாஜும் ஜனவரியில் இமயமலையில் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு மோட்டார் சைக்கிளில் போகத் திட்டம் போட்டிருந்தார்கள். மும்தாஜ் எம்.கே.பி. நகரில் தையல் கடை வைத்திருப்பவர். இரண்டு பேருக்கும் சொந்த வண்டி உண்டு. ஸ்டெல்லா இரண்டு வருட விடுப்பைச் சேர்த்துவைத்திருந்தார். அவருடைய கணவர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் மட்டும் சம்மதிக்கவில்லை.

"ஏன் குளிர்காலத்தில்? ஜூனில் போகலாமே" என்று கேட்டேன்.

"ஐஸ்ஸ ரூமுக்குள்ளவே பாத்துகினுகீறேன் சார். மேல வானம் கீற எடத்துல ஒரு தபா பாக்கணும்."

அன்று சாயங்காலம் பழைய மாதா கோயில் தெருப்பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. தெருவில் வீட்டுக்கு ஒரு காகித நட்சத்திரம் தொங்கியது. வாசலில் ஸ்டெல்லாவின் வண்டி: உதைத்துக் கிளப்பும் பழைய முந்நூற்றைம்பது சிசி. பச்சை நிறம். இருபது வருட வண்டி. கடலுக்கு முந்நூறு அடி தூரத்தில் நிற்கிறது. ஒரு துளி துரு இல்லை. நான் குனிந்து, படுத்து, டார்ச் அடித்துத் தேடினேன். எங்கள் ஊரில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு என் வண்டியின் புகைக்குழாயை ஏற்கெனவே இரண்டு முறை தின்றிருக்கிறது.

"வாரத்துக்கு ரெண்டு தபா நல்ல தண்ணில கய்வுவேன். காஞ்சதும் கிரீஸும் டீசலும் கலந்து துணில தொட்டு அடியில பூசுவேன். போட்காரங்க செய்றதுதான்" என்றார் ஸ்டெல்லா. இதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கற்றுக்கொடுக்கப் போனவன் முதல் பக்கத்தைக் கற்றுக்கொண்டு நிரப்பினேன்.

அந்தோணி வேலை முடிந்து வந்தார். பெரிய மீசை, தாழ்ந்த குரல். எனக்கு டீ போடச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சார், நான் வில்லன் இல்ல. ஒரே ஒரு கேள்விதான். குளிர்ல அந்த மலைல வண்டி நின்னுபோச்சின்னா ரெண்டு பொம்பளைங்க இன்னா பண்ணுவாங்க?"

நியாயமான கேள்வி. நானே பலமுறை கேட்டுக்கொண்ட கேள்வி.

"நிக்காதுய்யா" என்றார் ஸ்டெல்லா.

"இங்க நிக்காது. அங்க?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். "சார் புது ரூம காலியா ஓட்டப் போறாரு. வண்டிய உள்ள வெச்சிடலாம். காலைல எட்து ஒதைக்கலாம். ஸ்டார்ட் ஆவலைன்னா நான் போவல."

அந்தோணி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "பத்து ஒதை. சார் சொல்றதுதான் தீர்ப்பு" என்றார். யாரும் என் சம்மதத்தைக் கேட்கவில்லை.

மேலாளர் ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். எதற்கும் மூன்று படிவம் கேட்கும் மனிதர். "சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் அறையை எப்படியும் மருந்து போட்டுக் கழுவப் போகிறோம். ஆனால் டேங்க்கில் அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் கூடாது. உள்ளே வைத்து ஸ்டார்ட் பண்ணவும் கூடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்? நானும் வருகிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் முழுக்க வண்டி வேலை. கெட்டி ஆயிலை வடித்துவிட்டு இளக்கமான ஆயிலை ஊற்றினோம். ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கழற்றி உள்ளே இருந்த ஈரத்தை ஊதி வெளியேற்றினோம். கேபிளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் உறைந்தாலும் கைப்பிடி திரும்பாது. கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து தேங்கியிருந்த தண்ணீரை வெளியேற்றினோம். மலையில் ராத்தங்கும்போது பேட்டரியைக் கழற்றிப் படுக்கை பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், டயருக்கு அடியில் பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் டயர் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். மும்தாஜ் தையல் டேப்போடு வந்து ஹேண்டிலை அளந்தார். மறுநாளே ரெக்ஸினில் வெளிப்பக்கம், பழைய கம்பளியில் உள்பக்கம் என்று கைப்பிடிகளுக்கு இரண்டு உறை தைத்துக் கொண்டுவந்தார். நான் ஊரில் கடையில் வாங்கியது இதைவிட மட்டம்.

நான்காம் நாள், இயந்திரத்தின் குழாய்கள் சோதனையில் இருந்ததால் மதியம் எனக்கு வேலை இல்லை. எண்ணூர் பார்க்காமல் போகக் கூடாது என்று ஸ்டெல்லா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு லாரியின் டயர் வெடித்து சாலை அடைத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம். எங்கள் ஊரில் இப்படி நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலி கேட்பார்கள். இங்கே ஒருவர் தள்ளுவண்டியில் சுண்டல் கொண்டுவந்தார். ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, ஸ்டெல்லாவின் ஹேண்டிலில் இருந்த புது உறையைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாம்மா, வண்டிக்கு ஜல்ப்பா?" என்றார். "ஆமா, மாத்திரை போட்டுகீறேன்" என்றார் ஸ்டெல்லா. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எண்ணூரில் கடலோரப் பாறைகளில் உட்கார்ந்து சுட்ட மீன் சாப்பிட்டோம். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். காற்றில் உப்பும் கரியும். அங்கேதான் எனக்கு மனசு கேட்காமல் அந்தக் கதையைச் சொன்னேன்.

நோர்வேயில் எனக்கு அது முதல் குளிர்காலம். முந்தைய நாள் நனைந்த கையுறை முழுதாகக் காயவில்லை. ஆறு கிலோமீட்டர்தானே என்று போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆலை வாசலில் நிறுத்தினால் இடது கை கிளட்சை விடவில்லை. விரல்களுக்கு நான் கட்டளையிடுகிறேன், அவை வேறு யாருடையவோ போல இருக்கின்றன. வண்டி சாய்ந்து என்மேல் விழுந்தது. பெட்டி கட்டும் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் ஓடிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து, என் கையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் சட்டைப் பொத்தானை என் மனைவி சுமதிதான் போட்டுவிட்டாள்.

"அக்கா இன்னா சொன்னாங்க?"

"வண்டியை விற்றுவிடச் சொன்னாள்."

"வித்தீங்களா?"

"இல்லை."

"அப்ப எனக்கு இன்னாத்துக்கு பயம் காட்றீங்க?"

நாளைக் காலை வண்டி கிளம்பாமல் போனால் நல்லது என்று என் மனசின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் என்னை உட்காரவைத்தது எவ்வளவு தப்பு என்று அவரிடம் சொல்லவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு வண்டியைக் காலி அறைக்குள் தள்ளி, நடுவில் நிறுத்திக் கதவைச் சாத்தினோம். மைனஸ் பத்தில் இயந்திரம் ஓடியது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணி. அந்தோணி, மேலாளர், மும்தாஜ், ஷிப்ட்டுக்கு வந்த ஆட்கள் எல்லாரும் லாரி நிற்கும் மேடையில் கூடிவிட்டார்கள். கதவைத் திறந்து வண்டியை வெயிலுக்குத் தள்ளி வந்தோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. ராயபுரத்தின் ஈரக் காற்றுப் பட்டதும் பச்சை வண்டி கண்ணெதிரே வெள்ளையாக மாறியது. டேங்க், சக்கரக் கம்பி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பொடிப்பனி பூத்தது. கூட்டம் கைதட்டியது.

ஸ்டெல்லா உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தோணி சத்தமாக எண்ணினார். ஏழாவதில் ஒரு இருமல். பத்தாவதில் ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா காலை இறக்கி நின்றார். முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டாமல் வண்டியை ஸ்டாண்ட் போட்டார்.

"வார்த்தைன்னா வார்த்தை" என்றார். "போவல."

மும்தாஜ் கைப்பிடி உறையைக் கழற்ற ஆரம்பித்தார். நான் பழக்கத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது. வயரின் முனையிலும் ஈரம். எனக்கு விஷயம் புரிந்தது. சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தோணி, இது குளிரால் நிற்கவில்லை. உங்கள் ஊர்க் காற்றால் நின்றது" என்றேன். "ஐஸ் பெட்டியிலிருந்து சோடா பாட்டிலை எடுத்தால் வெளியே வேர்க்கும் இல்லையா? அதேதான். மலைக் காற்றில் இந்த ஈரம் கிடையாது. இந்தச் சோதனை செல்லாது."

அவர் என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. "சார், நீங்க அவ கட்சியா?"

"இல்லை. உண்மையில் அவர் போக வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது."

அது அவரை யோசிக்கவைத்தது. "வெளிய கொண்டாந்தா வேர்க்குது. அப்ப உள்ளயே ஒதைங்க. நானும் உள்ள வந்து என் கண்ணால பாப்பேன்" என்றார்.

மேலாளர் பதறினார். பெரிய அறை, கதவை முழுக்கத் திறந்து வைப்போம், கிளம்பியதும் ஐந்து நொடியில் அணைத்துவிடுவோம் என்று நான் பொறுப்பேற்றேன். வண்டியைத் துடைத்துக் காயவைத்து, மாலையில் மறுபடி உள்ளே வைத்தோம். இந்த முறை மைனஸ் பதினெட்டு.

ஆறாம் நாள் காலை நாங்கள் மூன்று பேர் உள்ளே போனோம். அந்தோணிக்கு அங்கே கொக்கியில் தொங்கிய பொதுக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். ஜிப்பு வேலை செய்யவில்லை. தோள்பட்டையில் தையல் விட்டுப் பஞ்சு தெரிந்தது. "இத்தயா போடணும்?" என்றார். "அதான் கீது" என்றார் ஸ்டெல்லா. அவர் போட்டிருந்ததும் அப்படித்தான்.

குளிரூட்டியின் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்ததும் மூக்குக்குள் முடி விறைக்கும். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பழக்கம். அந்தோணி நாற்பது டிகிரி வெயிலில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர். முதல் மூச்சிலேயே இருமினார். கோட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டெல்லா அவசரப்படவில்லை. சாவி போடாமல் ஐந்தாறு முறை உதைத்து ஆயிலை இளக்கினார். சோக்கை இழுத்தார். கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் பெட்ரோல் குழாயைத் திறந்து, மறுபடி கையுறையைப் போட்டுக்கொண்டார். அந்தோணி வண்டியைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளிக்கி எத்தினி மண்ணேரம் இங்க இருப்ப?"

"உள்ள வெளிய, உள்ள வெளியன்னு போய்கினு வந்துகினு இருப்பேன். எல்லாம் சேத்தா மூணு மண்ணேரம் வரும்." முதல் உதை.

"இந்தக் கோட்டோடயா?"

"வேற எந்தக் கோட்டு?" இன்னொரு உதை.

"ஒம்போது வருஷமா?"

"ஒம்போது வருஷமா."

"சொல்லவே இல்லியே நீ."

"நீ கேக்கல."

அவர் மீசையில் வெள்ளை படர்ந்திருந்தது. ஸ்டெல்லா உதைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று வண்டி உறுமியது. காலி அறையின் நான்கு சுவர்களிலும் அந்தச் சத்தம் மோதித் திரும்பியது. நான் ஐந்து எண்ணியதும் ஸ்டெல்லா அணைத்தார்.

வெளியே வந்ததும் மேலாளர், "எத்தனையாவது உதை?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எண்ணவில்லை. எட்டாக இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தோணியைப் பார்த்தேன். அவர் வெயிலில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து மேலாளரின் எதிரே நின்றார்.

"சார், இந்த ஜிப்பு எத்தினி நாளா இப்டி கீது?"

மேலாளர் படிவம், ஒப்புதல் என்று ஏதோ ஆரம்பித்தார். அந்தோணி குரலை உயர்த்தவில்லை. கோட்டைக் கழற்றி மேலாளரின் தோளில் போர்த்தி, "ஒரு அஞ்சு நிமிசம் உள்ள நின்னுட்டு வாங்க சார். அப்பால பேசலாம்" என்றார். மேலாளர் உள்ளே போகவில்லை. அன்று மாலையே பன்னிரண்டு புதுக் கோட்டுகளுக்கும் கையுறைகளுக்கும் சொல்லி அனுப்பினார். நான் என் அறிக்கையில், புதிய இயந்திரம் முன்னதைவிட வேகமாகக் குளிர்விக்கும், தொழிலாளர் உடை அதற்கேற்றதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அது உண்மையும்தான்.

ஏழாம் நாள் எனக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், சுறாப் புட்டு, நண்டு ரசம். அந்தோணி என் இலையில் மீனைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பிட்டி பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் என்னிடம், "அண்ணாத்த, பேட்டரிய கயட்ட எத்தினி நம்பர் ஸ்பேனர் வேணும்?" என்று கேட்டார். சொன்னேன். போய் டூல் பெட்டியில் தேடி எடுத்து, துணியில் சுற்றி, ஸ்டெல்லாவின் பையில் வைத்தார்.

நான் ஊருக்குத் திரும்பியதும் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "நீங்களும் பேட்டரியைக் கழற்றிப் படுக்கைக்குப் பக்கத்தில்தானே வைக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரி நடுவில் ஒரு மதியம் அந்தோணி அழைத்தார். ஆலையில் இயந்திரச் சத்தம். வெளியே வந்து பனியில் நின்று பேசினேன்.

"அண்ணாத்த, ரெண்டு நாளா அவ போன் போவல. மும்தாஜ் போனும் போவல."

மலையில் டவர் இருக்காது, கவலைப்படாதீர்கள் என்றேன். சொல்லிவிட்டு, அன்று முழுக்க என் கைபேசியை இயந்திரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஸ்பிட்டியில் என்ன குளிர் என்று மணிக்கு ஒரு முறை பார்த்தேன். மைனஸ் பத்தொன்பது.

மறுநாள் மறுபடி அழைத்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"பேசிட்டா அண்ணாத்த. ஒரு கிராமத்துல கீறாங்களாம். வூட்டுக்காரம்மா அடுப்பாண்ட ஒக்கார வெச்சி சூடா ஏதோ மாவு கஞ்சி குட்த்தாங்களாம். மும்தாஜ் வண்டி பஞ்சராம், ரெண்டு பேருமே ஒட்டிட்டாங்களாம். சோக்கா கீறாங்க."

"வண்டி எத்தனையாவது உதையில் கிளம்பியதாம்?"

"அத்த கேக்கவே இல்ல. கை எப்டிகீதுன்னுதான் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிக்கிறா. ஒம்போது வருஷம் கயிச்சி கேக்கிறியான்றா."

"நீங்கள்?"

"இப்பதான் கேட்டுகீறேன், பதில சொல்லுன்னேன்."

"சொன்னாரா?"

"கால் மண்ணேரம் சொன்னா அண்ணாத்த" என்றார் அந்தோணி.